ஒரு உலர் திராட்சையும் 45 நிமிடங்களும்

பயிற்சியாளர் எங்கள் உள்ளங்கையில் ஆளுக்கொரு உலர் திராட்சையை வைத்துக்கொண்டே போனார். "வாயில் போட்டுவிடாதீர்கள். முதலில் பாருங்கள். இதற்கு முன் திராட்சையே பார்த்ததில்லை என்பதுபோலப் பாருங்கள். அதன் சுருக்கங்களைப் பாருங்கள். பிறகு காதருகே வைத்து உருட்டிக் கேளுங்கள்" என்றார். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி என்று வாட்ஸப்பில் அழைப்பு வந்திருந்தது. பெற்றோர் என்று போட்டிருந்தாலும் மாடியில் உட்கார்ந்திருந்த 23 பேரும் அம்மாக்கள். இரண்டு அப்பாக்கள் வந்திருந்தார்கள். எங்களை இறக்கிவிட்டுவிட்டுக் கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருப்பதாக அழைப்பில் இல்லை. அதனால் 17 பிள்ளைகளும் எங்களோடு அந்த மாடியில் இருந்தார்கள். நான் திராட்சையின் சுருக்கத்தைப் பார்க்கத் தொடங்கியபோது என் மகன் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பக்கத்தில் இருந்த சத்திரப்பட்டி அக்கா சிரித்துவிட்டு, தன் கையில் இருந்ததையும் அவனிடம் கொடுத்தார். "எடுத்துக்கோ ராசா. நான் பாத்து என்ன ஆகப்போகுது" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் கேட்கப்போகிறேன். நான் பார்த்து என்ன ஆகப்போகிறது? அல்லது, நான் மட்டும் பார்த்து என்ன ஆகப்போகிறது?

நான் சுந்தரபாண்டியத்தில் இருக்கிறேன். என் மகனுக்குப் பதினோரு வயது. இரண்டு மூன்று சொற்கள் பேசுவான். நூல் சுற்றும் ராட்டை ஓடினால் மணிக்கணக்காக அதன் முன் உட்கார்ந்திருப்பான். இரவு பெரும்பாலும் இரண்டு மணிக்கு மேல்தான் தூங்குவான். அவனுக்கு முன் நான் தூங்க முடியாது, ஏனென்றால் கதவைத் திறந்து தெருவில் இறங்கிவிடுவான். காலையில் பல் தேய்த்துவிடுவதற்கு அரைமணி நேரம் ஆகும். குளியல், உடை, இட்லியின் ஓரம் கருகியிருந்தால் அதைக் கிள்ளி எடுப்பது, பள்ளி வாசலில் காத்திருப்பது, வாரம் இரண்டு நாள் கிருஷ்ணன்கோவில் வந்து பஸ் மாறிப் பயிற்சிக்கு அழைத்துப்போவது, திரும்பி வருவது. இதற்கிடையில் நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். ஒரு காலத்தில் தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அவனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தபோது வேலையை விட்டது நான். யார் விடுவது என்று வீட்டில் ஒரு பேச்சுகூட நடக்கவில்லை. விடிந்தால் வெளிச்சம் வருவதுபோல அது தானாக நடந்தது.

அந்த மாடியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன என்று பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1979இல் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய முறை அது. மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது மனக்கவனம். இந்தக் கணத்தில் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. பௌத்தத் தியானத்திலிருந்தும் யோகாவிலிருந்தும் எடுத்து, மதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மருத்துவமனைக்கு ஏற்றபடி கோத்தார்கள். எட்டு வாரம். வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு. வீட்டில் தினமும் 45 நிமிடப் பயிற்சி. திராட்சைப் பயிற்சி முதல் பாடம்.

நம் மண்ணிலிருந்து போன சரக்கு நமக்கே திரும்பி வந்து விற்கப்படுகிறது என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. எங்கிருந்து வந்தால் என்ன, நல்லதென்றால் எடுத்துக்கொள்ளலாம். என்னை நிறுத்தியது அந்த 45 நிமிடங்கள். ஒரு நாளில் எனக்கு மட்டுமே சொந்தமான 45 நிமிடங்கள் எனக்கு இருந்திருந்தால் நான் அந்த மாடிக்கே வந்திருக்க மாட்டேன். மருந்து வாங்கப் பணம் இல்லாதவளுக்கு, பணத்தைக் கரைத்துக் குடிக்கச் சொல்லும் மருந்து போல இருந்தது.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். இந்தப் பயிற்சி பொய்யில்லை. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டைக்கன்ஸ் குழுவினர் ஆட்டிசமும் பிற குறைபாடுகளும் உள்ள பிள்ளைகளின் தாய்மார் 243 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2014இல் அது வெளியானது. தொடக்கத்தில் அந்தத் தாய்மாரில் 85 விழுக்காட்டினர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார்கள். 48 விழுக்காட்டினருக்கு மருத்துவர்கள் நோய் என்று சொல்லும் அளவுக்கு மனச்சோர்வு. 41 விழுக்காட்டினருக்குப் பதற்ற நோய். இந்த எண்களைப் படித்த இரவு நான் அழுதேன். எனக்கு மட்டும் இல்லை என்ற ஆறுதலில் வந்த அழுகை அது.

அந்தத் தாய்மாரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூச்சும் மனக்கவனமும். இன்னொரு குழுவுக்குக் குற்ற உணர்ச்சி, கவலை போன்றவற்றைக் கையாளும் வேறொரு முறை. வாரம் ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம். இரண்டு குழுவிலும் மன அழுத்தமும் சோர்வும் பதற்றமும் குறைந்தன. மனக்கவனக் குழுவில் சோர்வும் பதற்றமும் இன்னும் நன்றாகக் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது. ஆகவே மூச்சு வேலை செய்கிறது. நான் மறுக்கவில்லை. பயிற்சி முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு கத்த, முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தபோது, நானும் மூச்சை எண்ணினேன். நான்கு எண்ணுவதற்குள் கை நடுக்கம் நின்றது. அந்த அளவுக்கு அதற்கு நன்றி.

ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. இரண்டு குழுவையும் நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் கிடையாது. அதே போன்ற பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரே பயிற்சி பெற்று வந்து நடத்தினார்கள். என் வாசிப்பு இது: எந்த முறையில் உட்கார்ந்தாலும், வாரத்தில் ஒன்றரை மணி நேரம் தன்னைப் போன்ற பெண்களோடு, தன் வேதனையை விளக்க வேண்டிய அவசியமே இல்லாத ஓர் இடத்தில் உட்கார முடிந்ததும் அந்தத் தாய்மாரைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். நம் ஊர்ப் பயிற்சிகள் இதில் எதை எடுத்துக்கொண்டன? மூச்சை எடுத்துக்கொண்டன. தாய்மார் நடத்துவதை விட்டுவிட்டன. ஆறு வாரத்தை ஒரு நாளாக்கின. தாயை ஒரு மாடியில் உட்கார வைத்து, பிள்ளையையும் மடியில் கொடுத்து, கண்ணை மூடு என்றன.

அன்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு. "அம்மா அமைதியாக இருந்தால் பிள்ளை அமைதியாக இருப்பான்." எல்லோரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்து இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் அதன் முதுகுப்பக்கம் தெரிந்தது. பிள்ளை அமைதியாக இல்லையென்றால்? அப்போது அம்மா அமைதியாக இல்லை என்று அர்த்தம். குற்றவாளி யார் என்று இனி தேட வேண்டியதில்லை.

இந்தக் குற்றச்சாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் மருத்துவ உலகில் தனியாக அடையாளம் பெற்றது. சில ஆண்டுகளிலேயே, இந்தக் குழந்தைகளின் பெற்றோர் அன்பில் வெதுவெதுப்பு இல்லாதவர்கள் என்ற பேச்சு வந்தது. குளிர்பதனப் பெட்டித் தாய் என்ற பட்டம் வந்தது. புருனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட புத்தகம் அந்தப் பட்டத்தை ஊர் உலகமெல்லாம் கொண்டுபோனது. தாயின் வெறுப்பால் பிள்ளை தனக்குள் சுருங்கிக்கொண்டான் என்றார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பழியோடு வாழ்ந்தார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட், தானும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன், 1964இலேயே இது மூளை வளர்ச்சியைச் சேர்ந்தது என்று புத்தகம் எழுதி வாதாடினார். 1969இல் கேனரே பெற்றோரின் கூட்டத்தில் நின்று அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றார்.

எங்கள் ஊருக்குக் கேனரும் தெரியாது, பெட்டல்ஹைமும் தெரியாது. ஆனால் அந்தப் பழி மட்டும் வழி கேட்காமலே வந்து சேர்ந்துவிட்டது. "மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய வந்தியோ", "வேலை வேலைன்னு ஓடுன, பிள்ளைகிட்டப் பேசல, அதான்", "செல்போனைக் கையில குடுத்துட்ட." இவற்றைச் சொன்னவர்கள் எல்லோரும் என் மேல் பாசமுள்ளவர்கள். அம்மா அமைதியாக இருந்தால் பிள்ளை அமைதியாக இருப்பான் என்பதும் அதே பழிதான். கொஞ்சம் படித்த பழி, அவ்வளவுதான். முன்பு என் அன்பின் சூட்டை அளந்தார்கள், இப்போது என் மூச்சின் வேகத்தை அளக்கிறார்கள். அளவுகோல் தகப்பன் பக்கம் போனதே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த ஊரில் பிறந்த பெரியாழ்வார், கண்ணனுக்குத் தன்னை யசோதையாகவே பாவித்துத் தாலாட்டினார், நீராட அழைத்தார், பூச்சூட அழைத்தார். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகைக்கே அவர்தான் முன்னோடி என்று நான் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். துளசித் தோட்டத்தில் கிடைத்த பெண் குழந்தையைத் தனி ஆளாக வளர்த்தார் என்பதும் அவரைப் பற்றிய கதை. ஆடிப்பூரத் தேரின் வடத்தைப் பிடிக்க எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் போகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆண் பாட்டில் தாயாக முடிந்த ஊர் இது. அந்த வடத்தைப் பிடித்த கைகள் ஒரு பதினோரு வயதுப் பையனுக்குக் கால் கழுவிவிட வராதா?

என் கணவர் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, அடிப்பதில்லை, சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, "இன்னைக்கு ரொம்பப் படுத்துனானா?" என்று கேட்பார். அதைக் கேட்பதையே நல்ல தகப்பனுக்கு அடையாளம் என்று என் அம்மாவும் சொல்கிறார். மில் வேலை கடினமானது, எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு ஷிப்ட் என்று ஒன்று இருக்கிறது. சங்கு ஊதினால் அடுத்த ஆள் வந்து இயந்திரத்தைப் பிடித்துக்கொள்கிறான். எனக்கு அடுத்த ஷிப்ட் ஆள் யார்? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் என் மன அழுத்தத்தில் பாதி போய்விடும். அதை நான் கேட்டால், "நீ ரொம்ப டென்ஷனா இருக்க, அந்தப் பயிற்சிக்குப் போயிட்டு வா" என்கிறார்கள்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு கைத்தறிதான் மிச்சம். ஒரு காலத்தில் இரண்டு ஓடின. அத்தை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றியிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல். தார் இல்லாமல் நாடா ஓடாது, நாடா ஓடாமல் சேலை இல்லை. ஆனால் சேலைக்குக் கூலி வந்தபோது அது மாமாவின் பெயரில் வந்தது. பாஸ்புக்கில் மாமாவின் பெயர். நெசவாளி என்றால் மாமா. "அத்தை என்ன செய்றாங்க?" என்று யாராவது கேட்டால் வீட்டில் எல்லோரும், அத்தையும் சேர்த்து, "சும்மாதான் இருக்காங்க" என்றுதான் சொல்வோம். ஒருநாள் நான் கேட்டேன், "அத்தை, அந்தத் தாருக்கு ஒரு தாருக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டிருந்தா இந்நேரம் எவ்வளவு வந்திருக்கும்?" அவர் ராட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுக்குச் சுத்துறதுக்கு யாராச்சும் கூலி கேப்பாங்களாத்தா?" என்றார். பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

சும்மா என்ற சொல்லைச் சித்தர்களும் ஞானிகளும் பெரிய நிலைக்கு வைத்தார்கள். மனம் அடங்கி இருப்பது சும்மா இருப்பது. ஆனால் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். ஓயாமல் வேலை செய்து, அதற்குக் கூலி வாங்காத பெண் சும்மா இருக்கிறாள். இந்தியாவில் 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், செய்யும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும் சொன்னது. வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் பெண்ணுக்கு 134 நிமிடம், ஆணுக்கு 76 நிமிடம். இது எல்லா வீடுகளின் சராசரி. இரவு இரண்டு மணிவரை கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்திருக்கும் தாயின் நிமிடங்களை இந்தச் சராசரியில் தேட முடியாது. இந்தச் சும்மா இருக்கிறவளிடம் வந்து, தினமும் 45 நிமிடம் சும்மா இருக்கப் பழகு என்கிறார்கள். பழகுகிறேன். அந்த 45 நிமிடத்தை யார் கணக்கிலிருந்து எடுத்துத் தருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்றது. அரசுத் தாள்களில் அதற்குத் தமிழில் புற உலகச் சிந்தனையற்றோர் என்ற பெயரையும் பார்க்கலாம். என் மகனுக்குப் புற உலகச் சிந்தனை உண்டு. தெருமுனையில் திரும்பும் பஸ்ஸின் சத்தத்தை எனக்கு முன் கேட்பவன் அவன். புற உலகை மறந்து மூச்சைப் பார்க்கச் சொல்வது என்னைத்தான்.

அந்த 2016 சட்டத்தில் பராமரிப்பாளர் என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. பெற்றோரும் குடும்பத்தாரும் உட்பட, ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவர் யாரும் பராமரிப்பாளர். நான் அதைப் பலமுறை படித்தேன். ஊதியம் பெறாமலோ. நான் செய்வது வேலை என்று என் நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்கிறது, அதற்கு ஊதியம் இல்லாமல் போகலாம் என்றும் அதே வரியில் ஒப்புக்கொள்கிறது. அதே சட்டம், உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி பற்றியும் பேசுகிறது. 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. தமிழ்நாட்டில் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் 1500 ரூபாயிலிருந்து 2000 ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். அதை உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதும், பெண்ணின் கூலியில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று சொன்னதும் சிறிய செய்தி இல்லை. நான் அதைக் கொண்டாடுகிறேன். ஆனால் உழைப்பு என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி வரும். எந்த உழைப்புக்கு வார விடுமுறை இல்லை? எந்த உழைப்புக்கு மாற்று ஆள் இல்லை? ஓய்வுப் பராமரிப்பு, அதாவது தாய் சற்று ஓய்வெடுக்கும்படி பிள்ளையைச் சில மணி நேரமோ சில நாளோ பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்வது, நான் கனவில் கண்ட ஏற்பாடு கிடையாது. தேசிய அறக்கட்டளையின் திட்டங்களில் சமர்த் என்ற பெயரில் அது இருக்கிறது. அந்தச் சொல் தெருவுக்குத் தெரு வர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

"ஏன் இப்படி எதிரெதிராக வைக்கிறீர்கள்? உரிமையும் கேளுங்கள், மூச்சுப் பயிற்சியும் செய்யுங்கள், இரண்டும் வேண்டியதுதானே" என்று ஒரு தோழி கேட்டார். நல்ல கேள்வி. இரண்டும் வேண்டும்தான். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் வருவதில்லை. ஒரு மண்டபம், ஒரு பயிற்சியாளர், ஒரு கிலோ உலர் திராட்சை இருந்தால் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை வத்திராயிருப்புப் பக்கம் நிரந்தரமாக உட்கார வைக்க ஒவ்வொரு மாதமும் சம்பளம் வேண்டும். பள்ளியில் ஒரு உதவியாளரைப் போட ஆணை வேண்டும், பணம் வேண்டும். மலிவானது முதலில் வரும். வந்து, விலை அதிகமானது வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். "பெற்றோருக்கான திட்டம்" என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்துவிடும். மனக்கவனம் எப்படி முதலாளிகளுக்கு வசதியான சரக்காக மாறியது என்று அமெரிக்காவிலேயே ரொனால்ட் பர்சர் 2019இல் ஒரு புத்தகம் எழுதினார். வேலைப்பளுவைக் குறைக்காமல் வேலையாளின் மனதைக் குறைப்பது எளிது. வீட்டுக்கும் அது பொருந்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாடியில் எங்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். எரிச்சல், தூக்கமின்மை, கோபம், அழுகை, இவற்றில் எவை உங்களுக்கு உண்டு, டிக் செய்யுங்கள். என் கோபம் ஒரு நோய்க்குறியாக அந்தப் பட்டியலில் இருந்தது. "அம்மா கூடவே உட்காந்தா மட்டும் பையனைச் சேத்துக்கறோம்" என்று ஒரு பள்ளி சொன்னபோது எனக்கு வந்த கோபம் நோயா? பஸ்ஸில் "இதையெல்லாம் வீட்டுல வச்சிருக்கலாம்ல" என்று ஒருவர் சொன்னபோது வந்த கோபம் நோயா? தீர்ப்புச் சொல்லாமல் கவனி என்கிறது பயிற்சி. எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரிய வேண்டும். அநியாயத்தை அநியாயம் என்று சொல்லும் திறனை மூச்சோடு சேர்த்து வெளியே விட்டுவிட்டால் எனக்கு மிஞ்சுவது என்ன?

நம் நாட்டில் இந்தப் பிள்ளைகளுக்கு இன்று இருப்பதில் பாதி, தாய்மார் எழுந்து நின்றதால் வந்தது. மெரி பரூவா தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பின், 1991இல் டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தாய், 1985இல் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். பிறகு அவரே தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். எங்களுக்குத் தெற்கே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களுக்குள் வந்து, வீட்டு வாசலிலேயே குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தால் ஒரு தாய்க்கு எத்தனை பஸ் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். மன அழுத்தத்தைக் குறைக்கும் திட்டம் என்று இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் குறைப்பது இதுதான்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இவ்வளவும் எழுதும்போது என் மகனே ஒரு சுமை என்பதுபோல ஒலித்துவிடக் கூடாது. ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதைப் படித்ததிலிருந்து நான் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். "இவனால எனக்கு டென்ஷன்" என்று சொல்வதில்லை. ராட்டை சுற்றும்போது அவன் முகத்தில் வரும் வெளிச்சம் எனக்கு டென்ஷன் தரவில்லை. டென்ஷன் தருவது அவனுக்குத் தயாராக இல்லாத பள்ளியும், பஸ்ஸும், தெருவும், சொந்தமும். பாடத்தை எனக்கும் அவனுக்கும் மட்டும் நடத்துகிறீர்கள். நாங்கள் இருவரும் ஏற்கெனவே நிறையக் கற்றுக்கொண்டுவிட்டோம்.

எல்லா ஆட்டிசத் தாய்மாருக்கும் இரவில் வரும் கேள்வி ஒன்றுதான். எனக்குப் பிறகு இவனுக்கு யார்? அந்தக் கேள்வி முற்றி, பிள்ளையோடு சேர்த்துத் தன்னையும் முடித்துக்கொண்ட தாய்மாரின் செய்தியை நாளிதழில் நீங்களும் படித்திருப்பீர்கள். மறுநாள் எல்லோரும், "அவளுக்கு மனசுல தைரியம் இல்ல" என்பார்கள். அந்தக் கேள்விக்கு மூச்சில் விடை இல்லை. பதினெட்டு வயதுக்குப் பிறகு யார் சட்டப்படியான காப்பாளர் என்பதை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு முடிவு செய்யலாம் என்று 1999ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதைப் பற்றி எங்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள்? அன்று மாடியில் நான் கேட்டேன். 23 பேரில் இரண்டு பேர் கை தூக்கினார்கள். ஒரு முழு நாள் கிடைத்திருந்தது. இதைச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும்.

அந்தப் பயிற்சியிலிருந்து எனக்கு உண்மையில் கிடைத்தது, சாப்பாட்டு இடைவேளையில் சத்திரப்பட்டி அக்காவோடும் வத்திராயிருப்பிலிருந்து வந்த தங்கச்சியோடும் மாற்றிக்கொண்ட போன் எண்கள். இப்போது நாங்கள் ஐந்து பேர். சனிக்கிழமை மதியம் எங்கள் தறிக்கூடத்தில் கூடுகிறோம். முறை வைத்து இரண்டு பேர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், மூன்று பேருக்கு விடுதலை. முதல் வாரம் என் முறை வந்தபோது நான் தியானம் செய்யவில்லை. மாடிப்படிக்குக் கீழே பாயை விரித்து இரண்டு மணி நேரம் தூங்கினேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, யாரும் எழுப்பிவிடக் கூடாது என்று வாசலில் உட்கார்ந்துகொண்டாராம்.

ஆனால் ஐந்து பேரும் பெண்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஏழைப் பெண்கள் தங்களுக்குள் சுமையை மாற்றிக்கொள்வதை அழகான கதையாக்கி, "பாருங்கள், அவர்களே சமாளித்துக்கொள்கிறார்கள்" என்று யாரும் எழுதிவிட வேண்டாம். இது தற்காலிக ஏற்பாடு. எங்களுக்கு வேண்டியதை ஒரு மனுவாக எழுதியிருக்கிறோம்: பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிப் பயிற்சியும் எங்கள் வட்டாரத்துக்குள், பள்ளியில் அம்மாவுக்குப் பதிலாகச் சம்பளம் வாங்கும் உதவியாளர், வாரம் ஒரு நாளாவது ஓய்வுப் பராமரிப்பு, பராமரிப்பாளர் படி எங்கள் பெயரில், எங்கள் கணக்கில், எந்தப் பெற்றோர் பயிற்சி நடந்தாலும் அதில் தகப்பனும் மேலே வந்து உட்கார வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை விருதுநகரில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதைக் கொடுக்கப்போகிறோம். பிள்ளைகளை அன்று யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. என் கணவரிடம் லீவு போடச் சொன்னேன். "நான் ஒத்தையிலயா? அஞ்சு பேரையுமா?" என்றார். மற்ற நான்கு அப்பாக்களின் எண்களையும் எழுதிக் கையில் கொடுத்தேன். பயமாக இருந்தால் மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன்.